முறைச் சோறு

ரஜபு பிறை 2, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்த சிராஜு செருப்பைக் கழற்றும்போதே சொன்னான், பெரிய ஹஜ்ரத்தை அனுப்புகிறார்களாம். ஷஃபான் மாதத்தோடு சரி. நோன்புக்குத் தொழவைக்கப் புது ஹஜ்ரத் வந்துவிடுவாராம். கண் மங்கிவிட்டது, ஓதும்போது மூச்சு வாங்குகிறது, மிம்பர் மேடையின் படி மூன்று ஏற இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருக்கிறது என்று ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டார்கள். சிராஜு என் இளைய மகன். ஜமாஅத்தில் இவனும் ஒரு நிர்வாகி.

மருமகள் மஹ்மூதா பாவம் என்றாள். நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன்.

பிறகுதான் டிரங்குப் பெட்டியிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருஷம், ஓதப்பள்ளிக்குப் போனது ஆறு வருஷம். அதனால் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவேன். இந்த வீட்டில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஏதோ துஆ எழுதுகிறேன் என்று நினைத்து மஹ்மூதா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடந்து போகிறாள். போகட்டும். இதைப் படிக்கத் தெரிந்த இன்னோர் ஆள் ஊரில் உண்டு. அந்த ஆளைத்தான் அனுப்புகிறார்கள்.

ஹஜ்ரத்துக்கு இங்கே முறைச் சோறு. அவர் குடும்பம் அவருடைய ஊரில். இங்கே இருபத்தோரு வீடு, வீட்டுக்கு ஒரு நாள், மூன்று வேளையும் அடுக்குச்சட்டியில் போகும். முப்பத்தோரு வருஷத்தில் என் வீட்டு முறை ஒருநாளும் தவறியதில்லை. என் மாப்பிள்ளை, சிராஜு வாப்பா, மவுத்தாகி நான் வெளியே வராமல் இத்தாவில் இருந்தபோதும் போனது. பஜிரியா போல முறை செய்ய ஆள் கிடையாது என்று ஊர் சொல்லும்.

அந்தச் சோற்றில் ஒருநாளும் நான் உப்புப் போட்டதில்லை.

ரஜபு பிறை 5, திங்கள்

ஏன் என்று எழுதிவைக்கிறேன், மறந்துவிடும் என்பதற்காக அல்ல. எனக்கு எதுவும் மறக்காது. எதிர்வீட்டு ஹஸீனாவின் மாமியார் என் கல்யாணத்தில் எத்தனை பணியாரத்தை மடியில் கட்டினாள் என்று இப்போதும் சொல்வேன்.

என் மூத்தவன் ஜபருல்லா. இருபத்திரண்டு வயது. கொல்லைக் கிணற்றில் கால் தவறி விழுந்தான். அவன் மையத்தைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள். ஹஜ்ரத் அப்போது புதிது, தாடியில் ஒரு நரை இல்லை. அவர்தான் தொழவைக்கவேண்டும். கிணற்றைப் பார்த்துவிட்டு, "செவுரு இடுப்பு உசரம் இருக்கே" என்று மட்டும் சொன்னாராம். இப்படிப்பட்ட மவுத்துக்குப் பெரியவர்கள் விலகி நிற்கவேண்டும், மற்றவர்கள் தொழட்டும் என்று சட்டம் சொல்லி ஒதுங்கிவிட்டார். பாங்கு சொல்லும் மோதினார் தொழவைத்தார். ஒன்றரை வரிசை ஆள். இரண்டாம் வரிசையில் நின்ற ஆறு பேரின் பெயரும் தெரியும். நிற்காதவர்களின் பெயரும் தெரியும்.

ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டு முறை வந்தது. சமைத்து அனுப்பினேன். உப்பில்லாததை வாசத்தில் காட்டாமல் ஆக்குவதில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு. ஒரு வார்த்தை கேட்டு வரும் என்று காத்திருந்தேன். அடுக்குச்சட்டி கழுவித் துடைத்து வந்தது. அடுத்த முறையும் அப்படியே. முப்பத்தோரு வருஷமும் அப்படியே.

ரஜபு பிறை 6, செவ்வாய்

மஹ்மூதாவின் மகள், என் பேத்தி, காரைக்காலிலிருந்து போன் செய்தாள். நன்னியிடம் கொடு என்று கேட்டாளாம். குளித்துக்கொண்டிருந்தேன்.

ரஜபு பிறை 9, வெள்ளி

புது ஹஜ்ரத் இன்று பார்த்துப்போக வந்து ஜும்ஆ தொழவைத்தார். ஒலிபெருக்கியில் கேட்டேன். குரல் இனிப்பு. முப்பத்துநாலு வயது, இரண்டு பட்டம், மனைவியும் ஓதியவளாம். வீட்டோடு சேர்ந்த குளியலறை வேண்டும், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டும் என்றாராம். முறைச் சோறு வேண்டாம், வீட்டில் சமைத்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்.

தெருப் பெண்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல். ஹஸீனா வாசலில் நின்று, இனிமேல் முறை நாளில் மாவு ஆட்டவேண்டாம் என்று சத்தமாகச் சொன்னாள். பள்ளிக்குள்ளே பெரிய ஹஜ்ரத் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னாள். சிராஜு இப்போதே பெரிய ஹஜ்ரத் அறையை அளந்து பார்த்துவிட்டு வந்தான். அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே நாடாவை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் பிடித்தார்களாம். அவரே காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து வழி விட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

என் கணக்கு வேறு. இந்த ஊரை விட்டுப் போகிற ஹஜ்ரத் வீடு வீடாக வந்து தின்ற சோற்றுக்குப் பொருத்தம் கேட்கவேண்டும். பொருந்திக்கொண்டேன் என்று நாம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மறுமையில் அந்தச் சோறு வந்து அவர் கழுத்தைப் பிடிக்கும். சொல்லாத வீடு இதுவரை இந்த ஊரில் இருந்ததில்லை.

என் வீடு இருக்கும். அவர் வாசலில் நிற்கவேண்டும், கேட்கவேண்டும், நான் மாட்டேன் என்று சொல்லவேண்டும், தெரு கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஒரு முறையும் தவறாமல் ஆக்கிப்போட்டேன்.

ரஜபு பிறை 14, புதன்

இன்று என் முறை. கத்தரிக்காய் ஆணம், முட்டை, ரசம். வழக்கம்போல்.

அடுக்குச்சட்டி எடுக்க வந்த மோதினார் காசிம் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். ஜபருல்லாவுக்குத் தொழவைத்த மோதினாரின் மகன். அப்பனைப்போல் நல்லவன், அப்பனைப்போல் வாய் நிற்காது.

"ராத்தா, ஒங்க வீட்டு முறைன்னா ஹஜ்ரத்துக்குப் பெருநாளு" என்றான்.

எதற்கு என்றேன்.

"நாலு வருசமா டாக்டரு உப்பையே தொடக்கூடாதுன்னுட்டாஹ. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிதாம். மத்த வீட்டுல சொன்னா மனசு சங்கடப்படுவாஹன்னு யாருட்டயும் சொல்லமாட்டாஹ. ஆணத்த வழிச்சு வச்சிட்டு வெறும் சோத்தத் தண்ணி ஊத்தித் தின்பாஹ. ஒங்க சோறு வந்தாத்தான் வயிறார. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்னு நானும் கேட்டுப் பாத்தேன். அவுஹளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டாஹ."

அவன் போனபிறகு அடுப்படியில் நின்றேன். நாலு வருஷமாக அந்த ஆளுக்கு நான் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டிருக்கிறேன். பெற்ற உம்மாகூட அப்படிச் செய்திருக்கமாட்டாள்.

ரஜபு பிறை 15, வியாழன்

உப்பு ஜாடியைக் கழுவிக் காயவைத்தேன்.

ரஜபு பிறை 19, திங்கள்

போகிற ஆள்தானே என்று இப்போதே முறை தவறுகிறது. சனிக்கிழமை ஒரு வீட்டில் கடை பரோட்டா அனுப்பினார்கள். நேற்று ஒரு வீட்டில் மறந்தே போனார்கள். பகல் முழுவதும் அவர் பேரீச்சம்பழத்தோடு இருந்தாராம்.

நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். உங்கள் முறையை எனக்குக் கொடுங்கள், கடைசிக் காலத்தில் அவருக்கு என் கையால் ஆக்கிப்போடுகிறேன் என்று கேட்டேன். ஹஸீனா என் கையைப் பிடித்து முத்தினாள். "பெத்த புள்ளைக்குத் தொழவைக்காத ஆளுக்கு இப்புடி ஒரு மனசா மாமி ஒங்களுக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். புகழ்வதுபோல் குத்துவதில் அவள் அப்படியே மாமியார்.

எல்லோரும் கொடுத்தார்கள்.

ரஜபு பிறை 20, செவ்வாய்

உப்புக்கண்டம் பொரித்து, பருப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு துண்டு.

அடுக்குச்சட்டி கழுவி வந்தது.

ரஜபு பிறை 22, வியாழன்

நேற்று நெத்திலிக் கருவாட்டு ஆணம். இன்று சுறாப்புட்டு. காலைக் கஞ்சியிலும் ஒரு பிடி போட்டேன். மஹ்மூதா ருசி பார்த்துவிட்டு, மாமி, கை தவறிவிட்டது, கடுக்கிறது என்றாள். வயசானவருக்கு நாக்கில் ருசி தெரியாது, அவருக்கு இப்படித்தான் பிடிக்கும் என்றேன். அவள் ஒரு தேங்காய் அரைத்து ஊற்றப் போனாள். தேங்காயை வாங்கி வைத்துவிட்டேன்.

மிச்சம் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு பருக்கை வரவில்லை. மற்ற வீட்டு ஆணத்தை வழித்து வைக்கத் தெரிந்த ஆளுக்கு என் வீட்டு ஆணத்தை வழித்து வைக்கத் தெரியாதா?

ரஜபு பிறை 23, வெள்ளி

அவர் ஜும்ஆ குத்பாவை மிம்பரில் நிற்கமுடியாமல் உட்கார்ந்து ஓதினார். ஊர் முணுமுணுத்தது.

ரஜபு பிறை 25, ஞாயிறு

காசிம் சொன்னான், கால் இரண்டும் வீங்கிச் செருப்பில் நுழையவில்லையாம். குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறாராம். வேறு வீட்டில் சொல்லிக் கஞ்சி வாங்கி வரட்டுமா என்று இவன் கேட்டதற்கு, முறை யாருடையது என்று கேட்டாராம். பஜிரியா ராத்தா என்றதும் கொண்டா என்றாராம்.

என்னைக் கேட்டான், "ராத்தா, உப்புப் போடுறீங்களா?"

"உப்புப் போட்டுத்தானடா சோறு திம்பாஹ மனுசரு" என்றேன். அவன் அடுக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ரஜபு பிறை 27, செவ்வாய்

எட்டாம் நாள். மாங்காய் போட்ட கருவாடு. ஊறுகாய் மூன்று துண்டு.

ரஜபு பிறை 28, புதன்

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி நெடுநேரம் ஆகியும், தொழுகை தொடங்கச் சொல்லும் இகாமத் கேட்கவில்லை. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்திலேயே சரிந்துவிட்டாராம். வாயில் நுரை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் என் வாசலைத் தாண்டித்தான் போனது.

மதியம் அனுப்பிய அடுக்குச்சட்டி திரும்பி வந்துவிட்டது. விழுவதற்கு முன்பே கழுவி வைத்திருக்கிறார்.

ஷஃபான் பிறை 3, திங்கள்

பிழைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து தண்ணீர் எடுத்தார்களாம். எந்த மடையர்கள் இவருக்கு உப்புக் கொடுத்தது என்று டாக்டர் சத்தம் போட்டாராம். சிராஜு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னான். காசிமுக்கு வாய் நிற்காது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

எனக்கு டாக்டர் சொல்லவில்லை, ஹஜ்ரத்தும் சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். 

ஷஃபான் பிறை 5, புதன்

இன்று என் முறை. ஆள் ஆஸ்பத்திரியில். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் நினைவு வந்தது.

ஜபருல்லா சவூதியில் இருந்தது நாலே மாதம். பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சொன்னார்கள், உம்மா, அடித்தார்கள் என்று ஓடி வந்துவிட்டான். ஊரெல்லாம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு டேப் ரிகார்டரும் சென்டுமாய் இருந்த காலம். என் பிள்ளை ஒரு பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். ஹஸீனாவின் மாமியார் வாசலில் நின்று, ஆடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அதைக் கேட்டும் அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. எந்த உம்மாவுக்கும் வரும். ஏண்டா, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான்.

அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கிணற்றை மூடிச் சிமெண்ட் போட்டாயிற்று. அதன்மேல்தான் துணி துவைக்கிறோம்.

ஷஃபான் பிறை 12, புதன்

ஹஜ்ரத்தை வெள்ளிக்கிழமையே அவர் ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு. நோன்புக்குள் ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்குச் சங்கடம் என்றார்களாம். மிம்பரில் பச்சைச் சால்வை போர்த்துவார்கள், பிறகு ஆட்டோவில் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார். சுவர்க் கடிகாரம் ஒன்றும் வாங்கியிருக்கிறார்கள். புது ஹஜ்ரத் பெயரைப் போடுவதா பழைய ஹஜ்ரத் பெயரைப் போடுவதா என்று தெரியாமல் கடைக்காரன் இரண்டு பெயரையும் போட்டுவிட்டான். மாற்ற நேரமில்லை, அப்படியே கொடுக்கப்போகிறார்கள்.

மாட்டேன் என்ற சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

ஷஃபான் பிறை 14, வெள்ளி

பராஅத் இரவுக்குக் குர்ஆனிலிருந்து மூன்று யாசீன் ஓதவேண்டிய நாள். இதை எழுதிவிட்டு ஓதுவேன்.

அஸருக்கு முன்னால் ஆட்டோ வந்தது. மற்ற வீடுகளில் வாசலில் நிறுத்தி, உள்ளே இருந்தபடியே கேட்டு, பொருந்திக்கொண்டோம் என்ற சத்தம் கேட்டதும் அடுத்த வீடு. என் வீட்டுக்கு மட்டும் இறங்கினார். காசிம் ஒரு கை, சிராஜு ஒரு கை. மஹ்மூதா நாற்காலி போட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நான் விரும்பியதெல்லாம் அப்படியே அமைந்திருந்தது.

"ஜபருல்லா உம்மா" என்றார்.

முப்பத்தோரு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சிராஜு உம்மா என்றுதான் சொல்வார்கள். இருக்கிறேன் என்றேன்.

"இருவது வீட்டுலயும் தின்ன சோத்துக்குப் பொருத்தம் கேட்டுட்டேன். ஒங்க வீட்டுச் சோத்துக்குக் கேக்கப் போறதில்ல. அது எனக்கு ஆக்குன சோறு இல்ல. அவனுக்கு ஆக்குனது."

திரையின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"நாப்பத்தோரு நாளு. ரோசமில்லாதவனுக்கு உப்பு எதுக்குன்னு சொல்லி உப்பில்லாமப் போட்டீங்க. அதைத் தின்னுட்டுப் பள்ளிக்கு வந்து, என் சட்டியில மத்த வீட்டு ஆணத்தத் தொட்டு நக்குவான். கெணத்துல விழுந்த அன்னைக்கு அஸருக்கு, வீட்டுக்குப் போகமாட்டேன் ஹஜ்ரத், இங்கேயே படுத்துக்கிறேன்னு அழுதான். உம்மாவ விட்டு எங்கடா போவே, போன்னு நான்தான் அனுப்பிவச்சேன். அவன் மையத்துக்கு முன்னால நிக்க எனக்கு யோக்கியத இல்ல. சட்டத்தச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். ஒன்பதாம் நாளு ஒங்க சட்டியத் தெறந்து ஒரு வா வச்சதும் தெரிஞ்சிக்கிட்டேன், இது யாரு சோறுன்னு. அவன் மிச்சம் வச்சதத் தின்னேன். அதுக்குப் பொருத்தம் அவன்ட்டதான் கேக்கணும். நீங்களும்தான்."

 ஆட்டோக்காரன் எஞ்சினை நிறுத்தியிருந்தான்.

"கடைசி ஒன்பது நாளு வந்தது மட்டுந்தான் எனக்குன்னு ஆக்குனது. அதுக்கு மட்டும் கேக்குறேன். பொருந்திக்குங்க."

மாட்டேன் என்றேன்.

முப்பத்தோரு வருஷம் வைத்திருந்த சொல். தெளிவாக, சத்தமாக வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் போயிருக்கும்.

"சரி" என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போயிற்று. சிராஜு கூடப் போகவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் அண்ணன் போனபோது அவனுக்கு ஆறு வயது.

"உம்மா, ஜபருல்லா காக்கா கால் தவறித்தானே விழுந்துச்சு?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கொல்லைப்பக்கம் போனான். சிமெண்டுமேல் உலர்ந்த துணிகளையெல்லாம் எடுத்து, துவைக்கிற கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு வந்தான்.

ஷஃபான் பிறை 15, சனி

யாசீன் ஓதவில்லை.

ஷஃபான் பிறை 19, புதன்

சிராஜு என்னிடம் பேசுவதில்லை. மஹ்மூதா பேசுகிறாள், தண்ணீர் வேண்டுமா, மாத்திரை போட்டீர்களா என்று. சோறு போடும்போது தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியையும் கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு நாள் மறந்து வைத்தாள் என்று நினைத்தேன். ஐந்து நாளாக மூன்று வேளையும் வைக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவளிடம் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஹஸீனா ஜன்னலை மூடியே வைத்திருக்கிறாள்.

ஷஃபான் பிறை 22, சனி

புது ஹஜ்ரத் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். பழைய அறையை இடித்துக் குளியலறை கட்டியாயிற்று. காசிம் வீட்டுக்கு வருவதில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை. அடுக்குச்சட்டி பரணில் இருக்கிறது.

ஷஃபான் பிறை 26, புதன்

இன்று என் முறை.

அடுக்குச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். மஹ்மூதா யாருக்கு மாமி என்று கேட்டாள். நான் அரிசி அளக்கப் போனேன். அவள் இறக்கித் துடைத்துக் கொடுத்தாள். அரைப்படி அரிசி போட்டேன். கத்தரிக்காய் ஆணம், ரசம். கைப்பழக்கம் போகவில்லை. தாளிப்பு வாசத்துக்கு உப்பில்லாதது தெரியாது.

மூன்று அடுக்கிலும் நிரப்பி மூடி, கொல்லையில் அந்தச் சிமெண்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன். மூடியைத் திறந்து பிசைந்து தின்றேன். முதல் பிடி இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது தொண்டையில் மண்ணாய் நின்றது. தண்ணீரை ஊற்றித் தள்ளினேன். வாயில் எச்சில்கூட ஊறவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் தின்னமுடிகிறது, நிமிர்ந்தால் குமட்டுகிறது.

மஹ்மூதா ஜாடியைக் கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டுப் போனாள். கை நீட்டினால் எட்டும்.

தொடவில்லை. கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு, அடுக்குச்சட்டியை நானே கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன்.

இன்றைக்கு ஒன்று. இன்னும் நாற்பது.